பூட்டு இல்லாத பெட்டி: நம்ம 'டிவி கேம்' எங்கிருந்து வந்துச்சு?

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இதைக் கேட்டதும் உங்க கட்டைவிரல் தானா அசைஞ்சிருந்தா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான். அசையலைன்னாலும் பரவாயில்லை, கூட வாங்க. கடைசியில் இந்தப் பத்து பட்டனுக்குத் திரும்பி வருவோம்.

எங்க வீட்டுக்கு டிவி கேம் வந்தது 2004 முழுப் பரீட்சை லீவில். எனக்கு ஏழு வயசு. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிட்டு வந்தார். சாம்பல் நிறப் பெட்டி, ரெண்டு கன்ட்ரோலர், ஒரு துப்பாக்கி, தொட்டா சுடுற அடாப்டர், '9999 இன் 1'னு எழுதின ஒரு மஞ்சள் கேசட். மாடி வீட்டு அண்ணன் வந்துதான் டிவியில் சேனல் ட்யூன் பண்ணிக் கொடுத்தார். அடுத்த ரெண்டு மாசம் நானும் சித்தி பையனும் கான்ட்ராவைத் தவிர வேற எதையும் பேசலை. படம் வரலைன்னா கேசட்டை வெளியே எடுத்து, வாயால ஊதி, திரும்பச் செருகுவோம். யாரும் சொல்லித் தரலை. ஆனா ஊதணும்னு எல்லாருக்கும் தெரியும்.

இன்ஜினியரிங் மூணாவது வருஷ லீவில் அந்தப் பெட்டியைப் பரணில் இருந்து இறக்கி, ஸ்க்ரூ கழட்டிப் பார்த்தேன். உள்ளே பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு சர்க்யூட் போர்டு, நடுவில் தார் ஊத்தின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அது மேல பேர் இல்லை, நம்பர் இல்லை. ஒரு முழுக் கம்ப்யூட்டரே அந்தப் பொட்டுக்குள்ள இருந்துச்சு. ஆனா அது யாரோட கம்ப்யூட்டர்?

பதில்: 1983-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம். அது நம்ம கைக்கு வந்து சேர முக்கியமான ஒரு காரணம், அதில் ஒரு பூட்டு இல்லாதது. அதே மெஷின் அமெரிக்காவுக்குப் போனப்போ அதுக்குப் பூட்டு போட்டாங்க. அந்தப் பூட்டு ஒரு தொழிலையே தூக்கி நிறுத்துச்சு. பூட்டு இல்லாத பக்கம் நம்ம குழந்தைப்பருவம். இந்த ரெண்டு கதையையும் சேர்த்துச் சொல்றதுதான் இன்னிக்கு வேலை.

கியோட்டோ, 1983

நிண்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கியது. ஹனாஃபுடா என்ற பூ படம் போட்ட ஜப்பானியச் சீட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் அது டாங்கி காங் போன்ற ஆர்கேட் விளையாட்டுகளால் பெயர் வாங்கியிருந்தது. கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி, தன் இன்ஜினியர் மசாயுகி உயெமுராவிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்: கேசட் மாற்றி மாற்றி விளையாடக்கூடிய, வீட்டு டிவியில் இணைக்கக்கூடிய ஒரு மெஷின். போட்டியாளர்கள் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு மலிவாக இருக்க வேண்டும்.

மலிவு என்றால் சிப் மலிவாக வேண்டும். ரிக்கோ என்ற கம்பெனியோடு பேசினார்கள். விலையைக் குறைத்தால் இரண்டு வருஷத்தில் 30 லட்சம் சிப் வாங்கிக்கொள்கிறோம் என்று நிண்டெண்டோ வாக்குக் கொடுத்தது. அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமான எண்ணிக்கை. ரிக்கோ கொடுத்தது 6502 என்ற பிராசசரைத் தழுவிய ஒரு சிப். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் இருந்ததும் அதே குடும்பம்தான். ஜப்பானில் அப்போது அதைப் பலர் பயன்படுத்தவில்லை. அதனால் மற்றவர்கள் நகலெடுப்பது கஷ்டம் என்பதும் ஒரு லாபமாகத் தெரிந்தது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி சிரிப்பு வரும்.

1983 ஜூலை 15. ஃபேமிகாம் கடைக்கு வந்தது. விலை 14,800 யென். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பொம்மை மாதிரி இருக்கும். பிராசசர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட். திரையில் நகரும் சின்னச் சின்ன உருவத் துண்டுகள் ஒரே நேரத்தில் மொத்தம் 64. ஒரே கிடைமட்டக் கோட்டில் 8. அதற்கு மேல் போனால் மிச்சம் தெரியாது. கான்ட்ராவில் கூட்டம் கூடினா உருவங்கள் மினுக் மினுக்குன்னு மறைஞ்சு வருமே, அது உங்க டிவி கோளாறு இல்லை. இந்த எட்டுதான் காரணம்.

கேசட் செருகும் இடத்தில் 60 முனைகள். எந்தக் கேசட்டைச் செருகினாலும் மெஷின் ஓடும். 'நீ யார்?' என்று அது கேட்காது. ஜப்பானில் நிண்டெண்டோ மற்ற கம்பெனிகளைக் கட்டுப்படுத்தியது ஒப்பந்தப் பத்திரத்தால். மெஷினுக்குள் காவல் கிடையாது.

பூட்டு இல்லாமல் சரிந்த சந்தை

அதே 1983-இல் அமெரிக்காவில் என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு பார்த்தால்தான் பூட்டோட அவசியம் புரியும்.

அங்கே ராஜா அடாரி. 1977-இல் வந்த அதன் 2600 கன்சோலிலும் பூட்டு கிடையாது. அடாரியில் விளையாட்டு எழுதிய புரோகிராமர்களுக்குச் சம்பளம் உண்டு, பெட்டி மேல் பெயர் கிடையாது. தாங்கள் எழுதியது கோடிக்கணக்கில் விற்கும்போது பெயரும் இல்லை பங்கும் இல்லை என்று சிலருக்கு வெறுத்துப்போனது. 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அடாரியின் மெஷினுக்கே விளையாட்டு எழுதி, பெட்டியில் புரோகிராமர் பெயரைப் போட்டு விற்றார்கள். அடாரி வழக்குப் போட்டது. 1982-இல் சமரசம் ஆனது: வெளியாரும் ராயல்டி கொடுத்து விளையாட்டு வெளியிடலாம்.

ஒரு இன்ஜினியரா எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பேருக்காக வேலையை விட்டவங்க. இந்த 'பேர்' விஷயமும் பின்னாடி வரும்.

ஆனால் அந்த வாசல் வழியாக எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனிகூட ஒரு வீடியோ கேம் பிரிவு வைத்திருந்தது. நாய் உணவுக்கு விளம்பரமாக ஒரு விளையாட்டு வந்தது. அடாரியே 1982 கிறிஸ்துமஸுக்காக, ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படத்தை வைத்து ஒரு விளையாட்டை ஒரே புரோகிராமரிடம் சுமார் ஐந்து வாரத்தில் எழுதி வாங்கியது. வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். விற்காத சரக்கு நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. பல வருஷம் இதை வதந்தி என்றார்கள். 2014-இல் தோண்டினார்கள். கேசட்டுகள் கிடைத்தன.

கடைக்காரர் பக்கமிருந்து யோசிச்சுப் பாருங்க. ஷெல்ஃபில் நூற்றுக்கணக்கான கேசட். எது நல்லது எது குப்பைன்னு அவருக்கும் தெரியாது, வாங்குற அம்மாவுக்கும் தெரியாது. குப்பை அஞ்சு டாலருக்குக் கிடைக்கும்போது நல்லதை முப்பது டாலருக்கு யார் வாங்குவா? வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மலிவானது உள்படச் சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் நம்பிக்கை போனதுதான் பெரிய அடி. 1983-இல் சுமார் 300 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீட்டு வீடியோ கேம் வியாபாரம், 1985-இல் சுமார் 10 கோடி டாலருக்கு இறங்கியதாகச் சொல்லப்படுகிறது.

சாவி உள்ள கேசட்

இந்தச் சுடுகாட்டுக்குத்தான் நிண்டெண்டோ வந்தது. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் சோதனை விற்பனை. 'வீடியோ கேம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஓடுவார்கள் என்பதால் வேஷம் மாற்றினார்கள். சிவப்பு-வெள்ளைப் பொம்மை போய், விசிஆர் மாதிரி முன்னாலிருந்து கேசட் செருகும் சாம்பல் பெட்டி. பெயர் நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக என்இஎஸ். கூட ஒரு ரோபோ பொம்மை. கேசட்டில் 60 முனைக்குப் பதில் 72.

கூடுதல் முனைகளில் நான்கு ஒரு புது சிப்புக்கானவை. மெஷினுக்குள் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதே மாதிரி இன்னொன்று. ஒன்று பூட்டு, ஒன்று சாவி. சுவிட்ச் போட்டதும் இரண்டும் ஒரே புரோகிராமை ஒரே தாளத்தில் ஓட்டி, எண்களைப் பரிமாறும். நம்ம ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் சர்வரும் தனித்தனியா ஒரே ஓடிபியை உருவாக்கி ஒப்பிடுதே, கிட்டத்தட்ட அது. எண்கள் ஒத்துப்போனால் விளையாட்டு ஓடும். தவறினால் பூட்டு சிப், பிராசசரைக் கிட்டத்தட்ட வினாடிக்கு ஒருமுறை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். திரை மின்னி மின்னி அணையும்.

சாவி சிப் நிண்டெண்டோவிடம் மட்டும்தான். ஆகவே நிபந்தனைகளும் நிண்டெண்டோவுடையதே. கேசட்டை நாங்கள்தான் தயாரிப்போம், காசை முன்னாடியே கட்டு. வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது. இங்கே வந்த விளையாட்டை இரண்டு வருஷத்துக்கு வேறு கன்சோலில் வெளியிடக் கூடாது. இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் பெட்டி மேல் தரமுத்திரை. கொனாமி கம்பெனிக்கு ஐந்து போதவில்லை. அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் ஒரு கம்பெனியைத் தொடங்கி மேலும் விளையாட்டுகளை வெளியிட்டது. ரேஷன் கார்டைப் பிரிச்சு வாங்குற மாதிரிதான்.

இந்தப் பூட்டில் ஒரு கொடுமையும் உண்டு. முன்னாலிருந்து செருகும் அமைப்பில் முனைகள் நாளடைவில் தளர்ந்துபோகும். சாவி சிப்பின் முனை சரியாகத் தொடவில்லையென்றால், ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிய கேசட்டையும் பூட்டு நம்பாது. அமெரிக்கப் பிள்ளைகள் ஊதியது பெரும்பாலும் இதற்குத்தான். நம்ம பெட்டியில் பூட்டே கிடையாது. நமக்குத் திரை மின்னாது, எழுத்தும் உருவமும் கலைஞ்சு கோலமாத் தெரியும். வியாதி வேற, வைத்தியம் ஒண்ணு. அந்த வைத்தியமும் தப்பு. ஊதினதால் சரியாகலை, எடுத்துத் திரும்பச் செருகினதால் சரியாச்சு. எச்சில் ஈரம் முனைகளை அரிக்கத்தான் செய்யும். 1993-இல் நிண்டெண்டோ வெளியிட்ட மறுவடிவ என்இஎஸ்ஸில் மேலேயிருந்து கேசட் செருகினார்கள். அதில் பூட்டு சிப்பையே எடுத்துவிட்டார்கள்.

40 கிலோபைட்

பூட்டு நல்ல விளையாட்டை எழுதித் தராது. எழுதியவர்கள் வேறு.

1985 செப்டம்பர் 13-ஆம் தேதி ஜப்பானில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வெளிவந்தது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா வடிவமைப்பு, கோஜி கோண்டோ இசை. புரோகிராமும் எல்லா லெவலும் இசையும் சேர்த்து 32 கிலோபைட், படங்களுக்கு 8. மொத்தம் 40. காலையில் ஃபேமிலி குரூப்பில் வர்ற குட் மார்னிங் படம் இதைவிடப் பெருசா இருக்கும்.

அந்த இடநெருக்கடியிலிருந்து வந்தவைதான் அதன் அழகு. மரியோவில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். போய்ப் பாருங்க, ஒருதடவை பார்த்துட்டா அப்புறம் மறைக்கவே முடியாது. முதல் லெவலின் முதல் சில வினாடிகளும் அப்படித்தான். விளக்கம் எழுத இடமில்லை. ஆகவே அந்த இடமே விளக்கம். மரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், காலி இடம் வலதுபக்கம், ஆகவே வலதுபக்கம் ஓடுகிறோம். எதிரி ஒருவன் வருகிறான், குதிக்காவிட்டால் சாவு. கட்டியை முட்டினால் காளான் வருகிறது. அது வலதுபக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மிடமே திரும்பி வருகிறது. பயந்து விலகினாலும் பெரும்பாலும் நம்மேல் படும். பட்டதும் மரியோ பெரியவனாகிறான். காளான் நல்லது என்று ஒரு எழுத்தில்லாமல் கற்றுக்கொண்டோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஏழு வயசுப் பையன் எங்க வீட்டில் அதை ஆடினதுக்கு இதுதான் காரணம்.

இதே மெஷினில் தொடங்கியவற்றின் பட்டியல் மலைக்க வைக்கும். ஜெல்டா, டிராகன் குவெஸ்ட், மெட்ராய்ட், கேஸில்வேனியா, எல்லாம் 1986. மெகா மேன், ஃபைனல் ஃபேன்டசி, 1987. ஒரு பாகம் வெற்றி பெற்றால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று நாற்பது வருஷமாக ஓடும் குடும்பங்கள்.

இங்கே நியாயமா ஒண்ணு சொல்லணும். இவை பிறந்தது ஜப்பானில், கேசட்டில் பூட்டு இல்லாத ஃபேமிகாமில். ஆகவே பூட்டு இவற்றைப் பெற்றெடுக்கவில்லை. அமெரிக்காவில் இவற்றுக்கு ஒரு சந்தையை அது உருவாக்கிக் கொடுத்தது. வருஷத்துக்கு ஐந்துதான் என்றால், கம்பெனி தன்னிடம் உள்ளதில் நல்லதைத்தான் அனுப்பும். வாங்குகிறவருக்கு, போன தடவை நல்லா இருந்த பெயர் என்ற ஒரு பிடிமானம் கிடைக்கும். இரண்டாம் பாகத்தின் பொருளாதாரம் அந்தப் பிடிமானம்தான். ஜப்பானில் சுமார் 1.9 கோடி விற்ற மெஷின், உலகம் முழுக்க 6.19 கோடி விற்றது. பாதிக்கு மேல் அமெரிக்கக் கண்டங்களில்.

பூட்டை உடைத்தவர்கள்

பூட்டு இருந்தா சாவி போடுறவனும் இருப்பான். சில கம்பெனிகள் தங்கள் கேசட்டிலிருந்து ஒரு மின் அதிர்ச்சியை அனுப்பிப் பூட்டு சிப்பைக் கொஞ்சநேரம் மயங்க வைத்தன. அது முழிப்பதற்குள் விளையாட்டு ஓடத் தொடங்கிவிடும்.

இதைவிடச் சுவாரசியமானது அடாரி கேம்ஸ் என்ற கம்பெனியின் கதை. பழைய அடாரியின் ஆர்கேட் பிரிவிலிருந்து வந்தது; டென்ஜென் என்ற பெயரில் என்இஎஸ் விளையாட்டுகளை வெளியிட்டது. சிப்பைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றார்கள், முழுசாக முடியவில்லை. பூட்டு சிப்பின் புரோகிராமை நிண்டெண்டோ அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருந்தது. 1988-இல் அடாரி கேம்ஸின் வக்கீல் அங்கே போய், ஒரு வழக்குக்காகத் தேவை என்று எழுதிக்கொடுத்து நகல் வாங்கினார். அப்படி ஒரு வழக்கு அப்போது இல்லவே இல்லை. வாங்கியதை வைத்து 'ராபிட்' என்ற சொந்தச் சாவியைச் செய்தார்கள். முயல், ஓட்டைக்குள் நுழைகிற முயல்.

1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோ பக்கம் நின்றது. ஆனால் தீர்ப்பில் ஒரு முக்கியமான கருத்தும் இருந்தது: ஒரு சிப் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வதற்காகப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடாக இருக்கலாம். அடாரி கேம்ஸ் தோற்றதற்கு, பொய் சொல்லி நகல் வாங்கியது பெரிய காரணம். பரணில் இருந்து பெட்டியை இறக்கிப் பிரிச்சுப் பார்த்த எனக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

பின்வாசல்

அமெரிக்காவில் இத்தனை மூளைகள் பூட்டோடு மல்லுக்கட்டியபோது, தைவானிலும் ஹாங்காங்கிலும் அந்தத் தலைவலியே இல்லை. அவர்கள் நகலெடுத்தது ஜப்பானிய ஃபேமிகாமை. 60 முனை, பூட்டு கிடையாது. நகலெடுப்பது கஷ்டம் என்று நினைத்த அந்தச் சிப்புக்குச் சமமான சிப்புகளைத் தைவானின் யுஎம்சி போன்ற கம்பெனிகள் தயாரித்தன. சொன்னேன்ல, சிரிப்பு வரும்னு.

அங்கிருந்து அது உலகம் முழுக்கப் போனது. தைவானில் மைக்ரோ ஜீனியஸ். ரஷ்யாவில் 1992-இன் இறுதியிலிருந்து டென்டி. போலந்தில் பெகாசஸ். தென்னாப்பிரிக்காவில் கோல்டன் சைனா. சோவியத் உடைந்த பிறகு வளர்ந்த ஒரு ரஷ்யப் பையனும் நானும் ஒரே பெட்டியோடு வளர்ந்திருக்கிறோம், அவனுக்கு டென்டி, எனக்கு 'டிவி கேம்'. பிறகு பிராசசர், படச் சிப் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி, செலவைக் குறைக்க உறைகூடப் போடாமல் மேலே கறுப்பு எபாக்சி ஊற்றினார்கள். நான் பார்த்த அந்தப் பொட்டு.

இது ஃபேமிகாம் வாரிசுதான்னு காட்ட ஒரு நல்ல சாட்சி இருக்கு. டேங்க் கேம் ஞாபகம் இருக்கா? செங்கல் சுவரை உடைச்சு, நடுவில் இருக்கிற கழுகைக் காப்பாத்தணும். அது நாம்கோவின் 'பேட்டில் சிட்டி', 1985. என்இஎஸ் விளையாட்டாக அது அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. என்இஎஸ்ஸோடு வளர்ந்த அமெரிக்கர்கள் பலருக்கு நம்ம டேங்க் கேம் தெரியாது.

மாறாக, அவர்கள் கொண்டாடும் ஜெல்டா நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்கும் காரணம் சிப்தான் என்று நினைக்கிறேன். ஜெல்டா கேசட்டில் விளையாட்டைச் சேமித்து வைக்க நினைவகமும் பேட்டரியும் வேண்டும். மலிவு கேசட்டில் அதெல்லாம் போட்டால் கட்டுப்படி ஆகாது. '9999 இன் 1' கேசட்டில் நிரப்பத் தோதானவை 40 கிலோபைட்டுக்குள் அடங்கும் ஆரம்பகால விளையாட்டுகள்: மரியோ, பேட்டில் சிட்டி, ரோட் ஃபைட்டர், ஐஸ் கிளைம்பர், எக்சைட்பைக். மிச்சம் எல்லாம் அதே விளையாட்டுகள் வேறு லெவலில் தொடங்கும். இருபதுக்கு மேல போனதும் திரும்ப மரியோ வர்றதைக் கண்டுபிடிச்ச அந்த ஏமாற்றம் என் வாழ்க்கையின் முதல் சாஃப்ட்வேர் பக் ரிப்போர்ட்.

இன்னொண்ணு. இந்தியாவின் டிவி முறை பால், வினாடிக்கு 50 படம். ஜப்பானும் அமெரிக்காவும் 60. இந்த விளையாட்டுகள் படத்துக்குப் படம் கணக்கு வைத்து ஓடுபவை. ஆகவே பால் டிவிக்கான நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. இசை உள்பட. போன வருஷம் மரியோவின் அசல் வேகத்தை முதல்முறையா கேட்டப்போ, யாரோ ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணின மாதிரி இருந்துச்சு. கோண்டோ எழுதினது அதுதான். ஆனா என் காதுக்கு நம்ம ஊர் வேகம்தான் மரியோ.

யார் பக்கம்?

சரி, இவ்வளவு சொல்லிட்டு ஒதுங்கிப் போக முடியாது. எங்க அப்பா கொடுத்த காசில் மியாமோட்டோவுக்கோ, கோண்டோவுக்கோ, கொனாமியில் கான்ட்ரா எழுதினவங்களுக்கோ ஒரு பைசாகூடப் போகலை. அது திருட்டு நகல். குழந்தையா எனக்குத் தெரியாது, இப்போ தெரியும். கோடு எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். இதை அழகாப் பூசி மெழுக எனக்கு மனசு வரலை.

காசைவிட எனக்கு உறுத்துறது பேர். நகல் கேசட்டுகள் பலவற்றில் தலைப்புத் திரையில் இருந்த கம்பெனி பெயரையும் வருஷத்தையும் அழித்திருந்தார்கள். பேர் போடலைன்னு ஆக்டிவிஷன்காரங்க வேலையை விட்டாங்க. பூட்டு இல்லாத பெட்டியில் முதலில் காணாமல் போனது அந்தப் பேர்தான். நம்ம தலைமுறைக்கு 'டேங்க் கேம்', 'கார் கேம்', 'துப்பாக்கி கேம்' தெரியும். யார் செய்தார்கள் என்று கேட்கவே தோன்றவில்லை.

ஆனா மறுபக்கத்தையும் பாருங்க. அன்றைக்குக் கேசட்டுக்குள் இருந்த பூட்டு இன்றைக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது. நான் எழுதிய ஆப்பை நண்பனுடைய ஐஃபோனில் போடக்கூட ஒரு கம்பெனியின் கையெழுத்து வேண்டும். 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் இணையக் கடையை மூடியது. அங்கே மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்க இனி வழியில்லை. அதே வருஷம் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டது: 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது. பூட்டிய வீட்டின் சாவியைச் சொந்தக்காரரே தொலைத்துவிட்டால் என்ன செய்வது? பிரிச்சுப் பார்த்து, நகலெடுத்து வைத்தவர்களால்தான் பல பழைய விளையாட்டுகள் இன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன.

என் கருத்து இதுதான். ஒரு பூட்டு, அதைச் செய்தவருக்குச் சம்பளம் வாங்கித் தரும்வரை நியாயம். விற்கவும் மாட்டேன், யாரும் திறக்கவும் கூடாது என்று வரும்போது அந்த நியாயம் போய்விடுகிறது. அதுவரைக்கும் நம்ம கடன், குறைஞ்சபட்சம் பேரைச் சொல்றது. அதனால்தான் இந்த எபிசோடில் இத்தனை பெயர்கள்.

கடைசியா ஒரு பேர். மேல், மேல், கீழ், கீழ். 1986-இல் கிராடியஸ் என்ற ஆர்கேட் விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. அது ரொம்பக் கஷ்டமான விளையாட்டு. எழுதியவருக்கே டெஸ்ட் செய்ய முடியவில்லை. அதனால் தனக்காக, எளிதில் ஞாபகம் இருக்கிற மாதிரி பத்து பட்டன் கொண்ட ஒரு குறுக்குவழியைப் போட்டுக்கொண்டார். அது விளையாட்டோடு சேர்ந்து வெளியே போய்விட்டது. பின்னால் கான்ட்ராவில் அதுவே முப்பது உயிர் கொடுத்தது. புரொடக்‌ஷனுக்குப் போன டெஸ்ட் கோடு. நம்ம ஆபீஸ்ல இதுக்கு மெமோ கொடுப்பாங்க.

ஃபேமிகாமை உருவாக்கிய உயெமுரா 2021 டிசம்பரில் இறந்தார். ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில். ஹஷிமோட்டோ செய்தி வந்த அன்று சித்தி பையனுக்கு அனுப்பினேன். 'யாருடா இது?' என்று கேட்டான். பத்து அம்புக்குறிகளையும் பி, ஏ-வையும்... சரி, எட்டு அம்புக்குறிகளையும் பி, ஏ-வையும் டைப் பண்ணி அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ஃபோனே பண்ணிட்டான்.

உங்க பரணில் அந்தப் பெட்டி இருந்தா இந்த வாரம் இறக்குங்க. கேசட்டை ஊதாதீங்க, முனையைத் துணியால துடைச்சுப் போடுங்க. உங்க வீட்டில் டேங்க் கேமை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.